மாமாவின் கவுளிச் சத்தம்

எங்கள் பக்கத்தில் கவுளி வாய் திறக்காமல் கல்யாணம் நடக்காது. கவுளி என்றால் பல்லிதான். சம்பந்தம் பேசும்போது அது வலப்பக்கமிருந்து சத்தம் கொடுத்தால் சரி. இடப்பக்கமிருந்து கொடுத்தால் வெற்றிலைத் தட்டைக்கூடத் தொடாமல் எழுந்து போய்விடுவார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் இதை மூடத்தனம் என்று யார் சொல்வது? என் அப்பா சொல்வார், அதுவும் அம்மா காதில் விழாதபடி.

என் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, கல்யாணம் தள்ளிப்போனதற்குக் கண் காரணமில்லை. கிணற்றுக்கு வெடி வைத்தபோது கல் தெறித்து இரண்டு கண்ணும் போனது உண்மைதான். அதை மறைக்காமல் சொல்லித்தான் பெண் கேட்டோம். முதலில் வந்தவர்கள் சம்மதித்தும் இருந்தார்கள். கெடுத்தது மாமாவின் நாக்கு. நடக்கும்போதெல்லாம் நாக்கை அண்ணத்தில் ஒட்டி 'டக்' என்று சொடுக்குவார். அன்றைக்குக் கூடத்தில் பேச்சு நடக்க, இடப்பக்கத்து அறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனவர் சொடுக்கிவிட்டார். வந்தவர்கள் கவுளி என்று நினைத்து வண்டி கட்டிவிட்டார்கள். "அது கவுளி இல்லீங்க, எங்க மாப்பளைங்க" என்று அப்பா பின்னாலேயே ஓடினார். யார் நம்புவார்கள்?

அடுத்து சத்தியமங்கலத்திலிருந்து ஒரு வீட்டார் வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். அம்மா முதல்நாளே மாமாவைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணு, நாளைக்கு ஒரு நாளு அந்த நாக்கச் சும்மா வெச்சுக்க. இதுவும் போச்சுன்னா நானு ஆருகிட்டப் போயி நிக்கட்டும்?"

மாமா சரி என்றார். அவரைக் கைபிடித்து அழைத்து வரும் வேலை எனக்கு. அப்போது எனக்கு ஏழு வயது இருக்கும். நகம் கடிப்பதுபோல நாக்கைச் சொடுக்குவதும் ஒரு கெட்ட பழக்கம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

மறுநாள் வந்த பெண்ணின் அப்பா நிதானமான மனிதர். மாமாவை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க மாப்பள, தப்பா நெனச்சுக்காதீங்க. ஆரு கையும் புடிக்காம கெணத்து மேடு வரைக்கும் போயிட்டு வந்துருவீங்களா? நாளைக்கு என்ற புள்ள சிரமப்படக் கூடாது பாருங்க."

மாமா என் கையை விட்டார். வாயை இறுக்க மூடிக்கொண்டு வாசலில் இறங்கியவர், நேராகப் போய் அவர்கள் வந்த வண்டியிலேயே முட்டிக் கீழே விழுந்தார். மற்ற நாளில் வெறுமையாகக் கிடக்கும் இடம் அது. நெற்றியில் ரத்தம் வந்தது. அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பெண்ணின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். கிளம்பப் போகிறார் என்று எனக்கே தெரிந்தது.

மாமா எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"இன்னொருக்கா நடக்கறனுங்க. அக்கா, நீ கோவிச்சாலும் செரி, இந்தவாட்டி நாக்க அடிச்சுத்தான் நடப்பேன்."

'டக், டக்' என்று சொடுக்கிக்கொண்டே வண்டியைச் சுற்றிக்கொண்டு போனார். கட்டியிருந்த காளைகளை விட்டு விலகினார். கிணற்று மேட்டைத் தொட்டுத் திரும்பி, பெண்ணின் அப்பா முன்னால் வந்து கும்பிட்டு நின்றார்.

"சத்தம் எதுலயாச்சும் பட்டா திரும்பி வருமுங்க. வர்ற பக்கம் என்னமோ நிக்குது, வராத பக்கம் வழி. கெணத்துக்குள்ள கூப்பாடு போட்டா திருப்பிக் கேக்குதல்லங்க, அதாட்டத்தான்."

பெண்ணின் அப்பா மாமாவின் வாயையே உற்றுப் பார்த்தார்.

"அது செரி. இப்பச் சொடுக்குனது வலப்பக்கமுங்களா, இடப்பக்கமுங்களா?"

"எல்லாப் பக்கமுந்தானுங்க" என்றார் மாமா.

பெண்ணின் அப்பா சிரித்துவிட்டார். துண்டைக் கீழே வைத்துவிட்டு வெற்றிலையை எடுத்தார். அம்மா உள்ளே போய் ஓவென்று அழுதாள்.

வவ்வால் இருட்டில் இப்படித்தான் பறக்கிறது, கப்பல்காரர்கள் கடலின் ஆழத்தை இப்படித்தான் பார்க்கிறார்கள் என்று பிற்பாடு என் மகன் பீளமேட்டுக் கல்லூரியில் படித்துவிட்டு வந்து எனக்குப் பாடம் எடுத்தான். வவ்வாலின் சத்தம் மனுசக் காதுக்கு எட்டாதாம். புண்ணியம் செய்த பிராணி, அதற்குச் சம்பந்தம் தட்டிப்போகாது.

தை மாதம் கல்யாணம் ஆயிற்று. புது அத்தை வந்த மறுநாள் காலை, வாசல் கூட்டிக்கொண்டிருந்தவள் மாமா வரும் வழியிலேயே மூச்சுக் காட்டாமல் நின்றுகொண்டாள். சொடுக்கிக்கொண்டே வந்த மாமா, அவளுக்கு ஒரு முழம் முன்னால் நின்றார். திரும்பவும் சொடுக்கினார். தலையைச் சாய்த்து, மெதுவாக இன்னொரு முறை. அத்தை நகரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமா, அங்க அத்தை நிக்கறாங்க, இக்கட்டால, இந்தப் பக்கமா வாங்க!" என்று கத்தினேன்.

அம்மா என் காதைத் திருகி உள்ளே இழுத்துப்போனாள். நல்லதுதானே செய்தேன் என்று நான் அன்றைக்கு முழுக்க அழுதேன். மாமாவுக்கு வழி தெரிந்துதான் இருந்தது. அவர் அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.