நிறுத்தாத வண்டி நின்ற நாள்

இஷென்பெக்கின் வண்டியில் ஏறினால் போய்ச் சேர வேண்டிய ஊரில்தான் இறங்க முடியும். நடுவழியில் நிறுத்துவது அவன் பரம்பரையிலேயே கிடையாது. டோக்மோக்கிலிருந்து நாரின் வரை நாலு மணி நேரம், ஒரே மூச்சு. அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவான். மகள் பெகாயிம் குழந்தையாக இருந்தபோது, அவசரத்துக்கு ஒரு காலி டப்பாவைப் பின்சீட்டுக்கு நீட்டிய மகராசன் அவன். இதில் என்னய்யா பெருமை என்று கேட்கத் தோன்றும். அவன் பெண்டாட்டி புருல்சாவும் கேட்டுப் பார்த்து ஓய்ந்தவள்தான்.

புருல்சா வேறு ரகம். டோக்மோக்கில் ஒரு மழலையர் பள்ளியில் சமையல் வேலை. பால் காய்ச்சினால் ஆடையை விரலால் வழித்து முதலில் வாயில் போட்டுக்கொள்வது அவள்தான். உருளைக்கிழங்கு ஒன்று தலைமையாசிரியையின் மூக்கைப்போல இருந்துவிட்டால் அதை உரிக்க மனசு வராது. மூன்று நாள் ஜன்னலில் வைத்துப் போகும்போதும் வரும்போதும் சிரிப்பாள். "இதெல்லாம் ஒரு சந்தோஷமாடி?" என்று கூட வேலை செய்பவர்கள் கேட்டால், "பெரிய சந்தோஷம் வர்றப்ப வரட்டும். அதுவரைக்கும் வாயைப் பொளந்துக்கிட்டு உக்காந்திருக்கச் சொல்றியா?" என்பாள். வருஷத்துக்கு ஒரு முறை நாரின் பக்கம் அப்பா வீட்டுக்குப் போகிற பயணத்தில் மட்டும் எல்லாமே வண்டி ஜன்னலில் ஓடி மறைந்துவிடும். இருபத்தொரு வருஷமாக அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "பலிக்சியில பத்து நிமிஷம் நிறுத்துங்களேன், ஏரியில காலை நனைச்சிட்டு வந்துடறேன்." அடுத்த தடவை என்பான். எந்த அடுத்த தடவை என்று அவன் சொன்னதில்லை.

அந்த வருஷம் அவள் அப்பா கல்முர்ஸாவுக்கு நெஞ்சில் கோளாறு. மே மாதம் நாரின் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் கிடந்து எழுந்தார். அதிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் போன் போட்டுப் பேசுவாள். ஆகஸ்ட் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவர் எடுக்கவில்லை. சனி, ஞாயிறும் எடுக்கவில்லை. அப்பாவோடு இருக்கும் தம்பி ஆடுகளை ஓட்டிக்கொண்டு குடும்பத்தோடு மலை மேய்ச்சலுக்குப் போயிருந்தான். அங்கே சிக்னல் எட்டாது. திங்கட்கிழமை சாயங்காலம் இஷென்பெக் வீட்டுக்கு வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல், "ரெண்டு நாள் லீவு போட்டிருக்கேன். நாளைக்கு உங்கப்பாவைப் பாத்துட்டு வரலாம்" என்றான்.

அவள் கேட்கவே இல்லை. அவனாகச் சொன்னான். 

எங்கள் பக்கம் சாவுச் செய்தியைப் போனில் சொல்கிற வழக்கம் கிடையாது. தூரத்தில் இருக்கிற பெண்ணுக்கு அப்பனோ ஆத்தாளோ போய்விட்டால், "சும்மா ஊருக்குப் போய்ட்டு வரலாம் வா" என்று சிரித்துப் பேசி அழைத்து வருவார்கள். துணைக்கு ஒரு பெரியவர் வருவார். வழியெல்லாம் வேண்டியது வேண்டாதது எல்லாம் வாங்கித் தருவார்கள். ஊரை நெருங்கிய பிறகுதான் உட்காரவைத்து விஷயத்தைச் சொல்வார்கள். நெஞ்சு ஒரேயடியாக வெடித்துவிடக் கூடாதே என்கிற நல்லெண்ணம்தான். போன வருஷம் இஷென்பெக்கின் சித்தப்பா மகளை அப்படி அழைத்துப் போனதே புருல்சாதான். வழியில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாள். அந்தப் பெண் அதைச் சாப்பிட்டுக்கொண்டே, "அண்ணி, எங்கப்பாவுக்கு இது உசிரு" என்றது. புருல்சா சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். அந்த வித்தை முழுக்க அவளுக்கு அத்துப்படி.

மறுநாள் காலையில் இரண்டாவது அடி விழுந்தது. பெகாயிம் எப்போதும்போலப் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள், மாமியார் ஊல்கானும் கிளம்பி நின்றாள். முன்சீட்டு அந்த அம்மாளின் சிம்மாசனம். அவள் வருகிற நாளில் புருல்சா அதில் உட்கார்ந்தது கிடையாது. "நீ முன்னால உக்காரும்மா, நான் பின்னால காலை நீட்டிக்கிறேன்" என்றாள் ஊல்கான்.

"பரவால்ல அத்தை, நீங்களே..."

"உக்காருன்னா உக்காரு."

புருல்சா உட்கார்ந்தாள். 

பூம் பள்ளத்தாக்கில் ஆற்றோரமாக வண்டி தானே ஒதுங்கி நின்றது. வாளியில் ஆப்ரிகாட் பழம் வைத்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இஷென்பெக் இறங்கி அரை வாளி வாங்கி வந்து பெண்டாட்டியின் மடியில் வைத்தான்.

"சாப்பிடு. வெயில்ல சூடா இருக்கு, உனக்குப் பிடிக்குமே."

அவளுக்குப் பிடிக்கும் என்பது இவனுக்கு எப்போது தெரிந்தது? ஒரு பழத்தைப் பிட்டு வாயில் வைத்தாள். மண்ணைத் தின்றதுபோல இருந்தது. "நேரமாகலையா உங்களுக்கு?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"என்ன அவசரம்? போற எடம் எங்கயும் ஓடிடாது."

 நேராகக் கேட்டுவிடலாம்தான். கேட்டால் சொல்ல மாட்டார்கள், அது ஒன்று. இன்னொன்று, ஒருவேளை அப்படி இல்லையென்றால், வாயைத் திறந்து நாமே வரவழைத்த மாதிரி ஆகிவிடும். மென்று விழுங்கிக்கொண்டு வந்தாள்.

பலிக்சி வந்தது. வண்டி நாரின் சாலையில் திரும்பவில்லை. நேராக ஏரிக்கரைக்குப் போய் நின்றது.

"போய்க் காலை நனைச்சிட்டு வா" என்றான் இஷென்பெக்.

புருல்சா அவனையே பார்த்தாள். கண்ணாடி வழியே மாமியாரைப் பார்த்தாள். இருவரும் சிரித்த முகமாக இருந்தார்கள். பழைய கதையாக இருந்தால் துள்ளிக் குதித்து ஓடியிருப்பாள். இப்போது, ஐயோ, நிச்சயமாயிற்று, அப்பா போய்விட்டார் என்று மட்டும்தான் மனசில் ஓடியது. பெகாயிம் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். நீலமாக அத்தனை தண்ணீர், முழங்காலில் அலை மோதியது. அவளுக்குச் சில்லென்றுகூடப் படவில்லை. கரையில் இஷென்பெக் தள்ளி நின்று, கையால் வாயை மறைத்துக்கொண்டு போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். "ஆமா, கூட்டிட்டுத்தான் வரேன். அவளுக்கு இன்னும் தெரியாது" என்பதுவரை காற்று கொண்டுவந்து கொடுத்தது.

"அம்மா, உனக்கு சந்தோஷமா இல்லையா? பேயறைஞ்ச மாதிரி நிக்கிற" என்றாள் பெகாயிம்.

"தண்ணி கண்ணைக் கூசுதுடி."

அதற்கப்புறம் புகை போட்ட மீன் வாங்கித் தந்தான். டோலோன் கணவாயில் கூடாரத்து வாசலில் நிறுத்திக் குதிரைப்பால் வாங்கித் தந்தான். வண்டி நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் அவள் அப்பா இன்னொரு முறை செத்தார். இறக்கத்தில் காற்று அதிகம் என்று மாமியார் தன் பையிலிருந்து ஒரு துணியை எடுத்து, "தலையைக் கட்டிக்கோ" என்று நீட்டினாள். கருநீலத் துணி, துக்க வீட்டுக்குக் கட்டுகிற நிறம். புருல்சா கட்டிக்கொண்டாள்.

ஊர் எல்லைக்கு வந்தால் இவர்களாகவே நிறுத்திச் சொல்வார்கள் என்று காத்திருந்தாள். யாரும் சொல்லவில்லை. தெருமுனை திரும்பியதும் வீடு தெரிந்தது. வாசலில் நாலைந்து ஆண்கள் கூடி நின்றார்கள். அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. செத்த வீட்டுக்கு வருகிற மகளின் குரல் அவளுக்கு முன்னால் வாசலை எட்ட வேண்டும், ஊமையாக வந்து இறங்கினால் ஊர் காறித் துப்பும். வண்டி நிற்பதற்குள் கதவைத் திறந்து குதித்து, வழக்கப்படி இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு குரலெடுத்தாள்.

"மலையாட்டம் நின்னியே என் அப்பா,
மலையுச்சிக்குக் குதிரையேத்தி ஒலகத்தைக் காட்டினியே,
பனியில என்னைச் சுமந்தியே,
பசிச்சப்ப உன் பங்கைத் தந்தியே,
பொண்ணு வர்ற வரைக்கும் பொறுக்காம போனியே..."

வாசலில் நின்றவர்கள் ஸ்தம்பித்துப் போனார்கள். எதிர்வீட்டுக்காரன் ஒருவன், செத்தது யார் என்றே தெரியாமல், கழுதையின் கயிற்றை விட்டுவிட்டு, "ஐயோ என் அண்ணே" என்று கூடச் சேர்ந்து அழ ஆரம்பித்தான். வழக்கம் அப்படி, அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

"யாருக்கு? யாருக்கு என்ன ஆச்சு?" என்று மேலேயிருந்து ஒரு குரல் நடுங்கியது.

புருல்சா நிமிர்ந்து பார்த்தாள். வைக்கோல் போரின் உச்சியில், கையில் கவைக்கம்போடு, முகம் வெளுத்து அவள் அப்பா கல்முர்ஸா நின்றுகொண்டிருந்தார்.

"சொல்லுடி, மலையில இருக்கானே உன் தம்பி, அவனுக்கா?"

 புருல்சா புழுதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுத எதிர்வீட்டுக்காரன் மூக்கைத் துடைத்துக்கொண்டு கழுதையைத் தேடிப் போனான்.

கிழவரை நாலு பேர் பிடித்து இறக்கினார்கள். போன் பத்து நாளுக்கு முன்னால் வாய்க்காலில் விழுந்துவிட்டதாம். அன்றைக்கு வைக்கோல் ஏற்றுகிற நாள், அதற்குத்தான் ஆள் கூடியிருந்தது. நடந்ததைப் புருல்சா திக்கித் திணறிச் சொல்லி முடித்தபோது இஷென்பெக்கின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"அப்பா போன் எடுக்கலைன்னு மூணு நாளா வாடிக் கெடந்தியேன்னு நாலு எடத்துல வண்டிய நிறுத்தினேன். அதுக்கு உங்கப்பாவையே சாகடிச்சிட்டியா?"

"போன்ல யாருகிட்டப் பேசினீங்க? அவளுக்கு இன்னும் தெரியாதுன்னு சொன்னீங்களே?"

"திரும்பி வர்றப்ப தங்கறதுக்கு ஏரிக்கரையில ரூம் சொல்லி வெச்சேன், தாயே."

"அரண்டவ கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்றாள் ஊல்கான். அதோடு விடாமல் மகன் பக்கம் திரும்பினாள். "நீ அவளைச் சொல்லாதடா. கட்டின நாள்லேர்ந்து ஒருதரம் நிறுத்தியிருந்தா இவ இப்படி அரண்டிருப்பாளா? நான் இடுப்பு வலியில பின்னால உக்காந்ததுக்கே நடுங்கிட்டா." உயிரோடு இருக்கிறவருக்கு ஒப்பாரி வைத்தால் ஆகாது, ஏழு ரொட்டி எண்ணெயில் பொரித்து அக்கம்பக்கம் கொடுத்துத் தோஷத்தைக் கழிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, பேத்தியை இழுத்துக்கொண்டு மாவு பிசையப் போனாள்.

கல்முர்ஸா மகள் பக்கத்தில் வைக்கோல் மேல் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. 

"பனியில சுமந்தது நான் இல்ல. உங்கம்மா."

"தெரியும்ப்பா."

"மத்ததெல்லாம் சரியாத்தான் சொன்ன. மீதி இருக்கா?"

"இருக்கு."

"அப்ப சொல்லு. செத்தப்புறம் எவன் கேக்கப் போறான்?"

அவள் அவருடைய சட்டைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ராகமில்லாமல், சாதாரணப் பேச்சாகச் சொன்னாள். கிழவர் தலையைக் குனிந்து கேட்டார். நடுவில் இரண்டு இடத்தில் திருத்தினார்.

இஷென்பெக் வண்டிக் கதவில் சாய்ந்து அத்தனையும் கேட்டுக்கொண்டு நின்றான். கிழவர் கைகால் கழுவ உள்ளே போனதும் மெதுவாக வந்தான். 

"நான் செத்தா என்ன சொல்லி அழுவ?"

புருல்சா யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். இருபத்தொரு வருஷத்தையும் துழாவிப் பார்த்ததில், கைக்கு அகப்பட்டதைப் பார்த்து அவளுக்கே திக்கென்றது.

"குடிச்சதில்ல. கை நீட்டினதில்ல. எங்கயும் லேட்டாப் போனதில்ல" என்றாள். பிறகு, மறைக்கத் தெரியாமல், "இதை வெச்சு ஒப்பாரி கட்ட முடியாதுங்க" என்றாள்.

 அவன் அவளை அடிக்கிற மாதிரியும் பார்க்கவில்லை, அழுகிற மாதிரியும் பார்க்கவில்லை. உள்ளேயிருந்து எண்ணெய் காய்கிற வாசம் வந்தது. இஷென்பெக் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான்.

"ரெண்டு நாள்தான் லீவு கேட்டிருக்கேன்" என்றான். "அஞ்சு நாளாக் கேக்கட்டுமா?"

"கேளுங்க" என்றாள் புருல்சா.