வற்றாத பானை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஓர் அசடு. சாதாரண அசடு இல்லை. சர்ச்சில் மைக்கைப் பிடித்து, சபை முன்னால் சாட்சி சொன்ன அசடு.

தேனி கடைவீதியில் எனக்குச் சின்னதாக ஒரு பெயின்ட் கடை. போன கோடையில் வாசலில் தண்ணீர்ப் பானை வைத்தேன். அதற்கு மேலே, பானையைவிட மூன்று மடங்கு பெரிய போர்டு. தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லும் வேத வசனம் நீலத்தில், என் கடைப் பெயர் சிவப்பில். பெயின்ட் சொந்தச் சரக்குதானே! டம்ளரை மட்டும் சங்கிலியால் கட்டிவைத்தேன். அன்பு வேறு, டம்ளர் வேறு. காலையில் ஒரு குடம் ஊற்றுவேன். சாயங்காலம் பார்த்தால் பாதிப் பானை கிடக்கும். ஊரே குடித்தும் வற்றவில்லையே என்று புல்லரித்துப்போய்ச் சொன்னதுதான் அந்தச் சாட்சி.

மறு வாரம், கம்பத்தில் உறவுக்காரர் வீட்டு நிச்சயத்துக்கு மனைவியோடு பஸ் ஏறினேன். வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்தில் பஸ் நின்றுவிட்டது. யாரோ ஒருவர் ஜன்னல் வழியாக நீர்மோர் நீட்டினார். ஒரு வாய் குடித்ததும் சுருக்கென்றது. இன்று பானையில் தண்ணீர் ஊற்றவில்லை!

பதினோரு மணிக்கு, மூட்டை தூக்கும் பெரியவர் ஒருவர் அந்தப் பானையை நம்பித்தான் சர்க்கரை மாத்திரையோடு வருவார். முந்தின வாரம்தான் வெயிலில் மயங்கிச் சரிந்திருந்தார். எதிர் டீக்கடைக்காரர் வைத்திருந்த குடத்தை, "அதான் நான் வச்சிருக்கேன்ல" என்று எடுக்கவைத்ததும் நான்தான். அன்றைக்கு அவர் கடையும் திருவிழாவுக்காகப் பூட்டியிருந்தது.

போனை எடுத்தேன். பெயின்ட் கம்பெனிக்காரர்கள் நம்பர் ஏழெட்டு இருந்தது. என் வாசலிலேயே பூ விற்கும் அக்காவின் நம்பர் இல்லை. பெயரே தெரியாது, நம்பர் எங்கே இருக்கும்?

எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன்.

"என்னங்க, சீட்டுல முள்ளா இருக்கு?" என்றாள் மனைவி.

"பானையில தண்ணி ஊத்தல. பெரியவர் மாத்திரை போடணும்."

"நிச்சயத்துக்குக் கிளம்பிட்டு இப்பப் போயி பானையா? எங்க வீட்டாளுக என்ன நினைப்பாக?"

"எறங்கிட்டாருன்னு சொல்லு" என்று குதித்துவிட்டேன்.

மணி பத்தே கால். கூட்டத்துக்குள் நீந்தி, ஒரு ஆட்டோவைப் பிடித்தேன். "ஆஸ்பத்திரிக்காண்ணே?" என்றார் ஓட்டுநர். "பானைக்கு" என்றேன். வழியெல்லாம் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஓடிப் போய்ப் பார்த்தால், பெரியவர் என் கடை நிழலில் சாய்ந்து நிம்மதியாக ஏப்பம் விட்டுக்கொண்டிருக்கிறார். பானையில் முக்கால்வாசித் தண்ணீர். பூக்கார அக்கா, கையில் அம்மன் காப்போடு, அடுத்த நடைக்குக் குடத்தை எடுத்துக்கொண்டிருந்தார்.

"யக்கா, நீங்களா ஊத்துனீக?"

"பெறகு? நீங்க ஊத்துறது பத்து மணிக்கே தீந்துரும். தெனமும் மூணு நடை நாந்தேன்."

"அண்ணாச்சிக்கு இது தெரியாதாக்கும்!" என்று பெரியவர் சிரித்தார்.

மைக் நினைவுக்கு வந்தது. காது சுட்டது. நான் போர்டில் எழுதி மாட்டியதை இந்த அம்மா இடுப்பில் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். இன்றும் அந்தப் பானையைத் தாண்டும்போது என் காது ஒருமுறை சுடத்தான் செய்கிறது. ஆனால் அன்றைக்கு, அந்த நிமிஷத்திலும் என் புத்தி போர்டைவிட்டு இறங்கவில்லை.

"யக்கா, உங்க பேரு என்ன? போர்டுல எழுதிப் போடுறேன்" என்றேன்.

அக்கா குடத்தை என் கையில் திணித்தார்.

"எழுத்தையா குடிப்பாக? போய்ப் பிடிச்சுட்டு வாங்க."