பதினொரு பேருக்கு ஒரு நாடகம்

பெரிய யுத்தத்தின் மூன்றாவது வருஷம் அது. நான் கோலாலம்பூரில் ரயில்வே ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தேன். குடியிருந்தது பிரிக்பீல்ட்ஸில். ஒரு சாயங்காலம் மூன்று பேர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். மூவரும் மதராஸ் பட்டாளத்தில் இருந்தவர்கள். பஸ்ரா பக்கம் சண்டையில் அடிபட்டதால் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஊரில் பிழைக்க வழியில்லாமல், இங்கே ரயில் பாதையில் வேலை பார்க்கும் சொந்தக்காரர்களை நம்பிக் கப்பலேறி வந்திருந்தார்கள். ஒருவருக்குக் காது கேட்காது. ஒருவர் காலை இழுத்து நடப்பார். மூன்றாமவருக்கு வலது கை மணிக்கட்டோடு இல்லை. பட்டாளத்தில் சில சிப்பாய்களுக்கு மேலான நாயக் பதவியில் இருந்தவராம். எல்லாரும் நாயக் அண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள்.

“கிராணி ஐயா, நாங்க ஒரு நாடகம் போடப் போறோம். உங்க ரயில்வே துரைகிட்ட பர்மிட்டு கேக்கணும். இங்கிலீசுல எழுதித் தாங்க” என்றார் அவர்.

ஏதோ ராஜா ராணி கதை என்று நினைத்தேன். அவர்கள் சொன்னது வேறு. ஆற்றின் மேல் படகுகளைச் சேர்த்துக் கட்டி அவர்கள் பட்டாளம் பாலம் போட்ட கதை. வேலை செய்யும்போது தாங்களே கட்டிப் பாடிய பாட்டுகள் அதில் இருந்தன. கேட்கவே உற்சாகமாக இருந்தது. ஆனால் கடைசிக் காட்சியில், பாலம் முடிந்ததும் நாயக் ஆஜர் பட்டியல் வாசிப்பார். பதினொரு பெயர்களுக்குப் பதில் வராது. அவ்வளவுதான், திரை விழும்.

சனங்களுக்கு அலுப்புத் தட்டும், துரைக்கும் பிடிக்காது என்று நானே முடிவு செய்துகொண்டேன். அந்தக் காட்சியை எடுத்துவிட்டு, சக்கரவர்த்தியை வாழ்த்தி ஒரு பாட்டு என்று மனுவில் எழுதினேன். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் நாயக் அண்ணன் வந்து, “எழுதுனதை அப்படியே தமிழ்ல சொல்லுங்க” என்றார். சொன்னேன். முடிந்ததும் கேட்டார்: “பேருங்க எங்க?”

நான் சமாதானம் சொல்லப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை.

“ஐயா, மத்ததெல்லாம் வேணும்னா வெட்டுங்க. பேரு இல்லைன்னா நாடகம் இல்ல” என்று எழுந்தார்.

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்றே மனுவைக் கிழித்துப் புதிதாக எழுதினேன். கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையையும் நானே ஏற்றுக்கொண்டேன். “வேலையைக் காப்பாத்திக்கோ, உனக்கு எதுக்கு இது?” என்று தலைமைக் கிராணி எச்சரித்தார். போனேன்.

துரை மனுவைப் படித்துவிட்டு, செத்தவர்கள் பெயரைக் கேட்டால் சனங்கள் பயந்துபோவார்கள், அதை எடுத்துவிடு என்றார். இருந்தாலும், “அது இல்லாமல் அவர்கள் ஆட மாட்டார்கள், துரை. அந்தப் பதினொரு பேரும் உங்கள் பட்டாளத்தில் செத்தவர்கள்” என்றேன். அவர் மனுவை மறுபடி எடுத்துப் பார்த்தார். பிறகு, “பதினொரு பெயர் படிக்க எவ்வளவு நேரமாகும்?” என்றார். ஒரு நிமிஷம்கூட ஆகாது என்றேன். கையெழுத்துப் போட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், குடியிருப்புக்குப் பின்னால் இருந்த திடலில் நாடகம் நடந்தது. பழைய பலகைகளையும் கயிறுகளையும் வைத்து மேடையிலேயே பாலம் கட்டினார்கள். ஒற்றைக் கையும் பல்லுமாக நாயக் அண்ணன் முடிச்சுப் போட்டபோது திடலே கை தட்டியது. பிறகு பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் பிறகு சற்று நிறுத்தினார்.

ஏழாவது பெயரில் ஒரு பெண் எழுந்து நின்றாள். கிள்ளானில் தோட்ட வேலை செய்பவள், உறவுக்காரர் வீட்டுக்கு வந்தவள் என்று பிறகு தெரிந்தது.

“அண்ணே, அந்தப் பையனுக்குத் தகப்பன் பேரு என்ன?” என்று கேட்டாள்.

நாயக் அண்ணன் சொன்னார்.

“அப்போ என் தம்பி இல்ல” என்று உட்கார்ந்தாள். பெருமூச்சு விட்டாள். அடுத்த கணமே வாய்விட்டு அழுதாள். “இவனுக்கும் ஒரு அக்கா இருப்பாளே. அவளுக்குத் தெரியுமா, அண்ணே?”

மிச்சமிருந்த நான்கு பெயர்களையும் நாயக் அண்ணன் வாசித்து முடித்தார்.

மறுநாள் காலையிலேயே மூவரும் வந்துவிட்டார்கள். அவர்கள் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, தகப்பன் பெயர், ஊர் எல்லாம் சேர்த்து எழுதினேன். பதினொரு வீடுகளுக்கும் கடிதம் போட்டோம். மாதங்கள் கழித்து, அந்த ஏழாவது பையனின் வீட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இறந்துவிட்டான் என்று மட்டும் சர்க்கார் தெரிவித்ததாம். ‘எந்த நாளில் போனான் என்று தெரியாமல் திதி கொடுக்க முடியவில்லை, தயவுசெய்து சொல்லுங்கள்’ என்று எழுதியிருந்தார்கள்.

படித்துக் காட்டினேன். நாயக் அண்ணன் யோசிக்கவே இல்லை.

“மாசி அமாவாசை கழிஞ்சு மூணாம் நாளு. பாலம் முடிஞ்சது அன்னிக்குத்தான். எழுதுங்க ஐயா.”

அதன்பின் கிள்ளானிலும் சுங்கை வேயிலும் டெங்கில் தோட்டத்திலும் அந்த நாடகத்தைப் போட்டார்கள். லீவு கிடைத்தபோதெல்லாம் நானும் கூடப் போய்ப் பலகை சுமந்தேன். அலுப்புத் தட்டும் என்று நான் வெட்டிப் போட்ட அந்த ஒரு நிமிஷம், எங்கோ ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்கு வருஷா வருஷம் எள்ளும் தண்ணீரும் இறைக்க வழி செய்தது என்பதை நினைக்கும்போதெல்லாம், அடுத்தவர் துக்கத்தில் எது வேண்டும், எது வேண்டாம் என்று தீர்மானிக்க நான் யார் என்று இன்றும் கூசிப்போகிறேன்.