பெயரில்லாத கதாநாயகி

ஐம்பத்தெட்டு வயதில் ஜீவராணிக்குக் கதாநாயகி வேடம் கிடைத்தது. வெள்ளவத்தையில் அவருடைய தொடர்மாடி வீட்டு வாசலில் நின்று, இயக்குநர் மிதுஷன் அப்படித்தான் சொன்னான்: "முழுப் படமும் உங்களைப் பற்றினதுதான் அன்ரி."

முழுப் படமும் என்றால் என்ன? அந்த அம்மா சமைப்பாள், சாமி கும்பிடுவாள், வெளிநாட்டு மகனின் போனுக்காக ஜன்னலடியில் நின்று அழுவாள். மற்றதெல்லாம் மகனுடைய கதை.

"தம்பி, இந்த மனுசிக்குப் பேர் என்ன?"

"அம்மா எண்டே விட்டிருக்கிறன் அன்ரி."

"பெத்ததுகள் அப்பிடியே பேர் வைச்சதுகள்? அவவுக்கு என்ன ஆசை, ஆரோட கோவம், ஒண்டும் இல்லையே?"

"அதெல்லாம் உங்கட கண்ணில தெரியும்."

கண்ணாம் கண்! வீடு பிடிக்க வக்கில்லாமல் ஜீவராணியின் வீட்டிலேயே படப்பிடிப்பு. கட்டிய சேலை அவருடையது. வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றிய பிளேன்டீயும் அவருடையது. அந்த மனுசிக்கு ஒரு பெயர் வைக்கத்தான் யாருக்கும் மனம் வரவில்லை.

ஜீவராணி விடவில்லை. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், ஒரே மகள் தனுஷியா லண்டனில். பேச ஆளில்லாத வீட்டில் அந்தப் படத்து அம்மாவோடு கதைத்துக் கதைத்தே அவளுக்கு ஒரு வசனம் தேடிப் பிடித்தார். அதைப் படத்தில் சேர்க்கும்படி மிதுஷனிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். போனால் போகட்டும் என்று அவனும் சம்மதித்தான்.

கமெரா ஓடியது. ஜீவராணி போனைக் காதில் வைத்து, "எனக்குத் தனிய இருக்க ஏலாமக் கிடக்கு பிள்ளை. பயமா இருக்கு. வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ" என்றார். அழவில்லை. படத்து மகனுக்குச் சொல்ல வேண்டியதைத் தன் மகளை நினைத்துத்தான் சொன்னார். இத்தனை வருடத்தில் அதை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தில் படம் போட்டார்கள். அந்த இடம் வந்தது. திரையில் அவருடைய வாய் அசைந்தது, கேட்டதோ வயலின்.

"உங்கட குரலுக்கு மேல கடற்கரை ரயில் சத்தம் விழுந்திட்டுது அன்ரி, அதுதான் மியூசிக் போட்டனாங்கள்" என்றான் மிதுஷன்.

அதே ரயில், மகன் வீட்டுக்கு வரும் காட்சியிலும் விழுந்ததுதானே! மகனாக நடித்தவனை மட்டும் ஸ்டூடியோவுக்குக் கூப்பிட்டு மறுபடி பேசவைத்திருந்தார்கள். சனம் என்னவென்றால் ஜீவராணியின் கையைப் பிடித்து, "ஒரு சொல்லும் கதைக்காமலே அழவைச்சிட்டியள்" என்று மெச்சியது.

அடுத்த கிழமை படத்தை இணையத்தில் பார்த்துவிட்டுத் தனுஷியா போன் எடுத்தாள்.

"அம்மா, ஜன்னலடியில நிண்டு ஏதோ சொல்லுறீங்கள், கேக்கேல்லை. என்ன சொன்னனீங்கள்?"

அட கடவுளே, கேட்க வேண்டியவளே கேட்டுவிட்டாள்! ஜீவராணி வாயைத் திறந்தார். அந்தப் பக்கம் பேத்தி சிணுங்குவதும், வேலைக்கு நேரமாகிவிட்டதென்று மருமகன் அவசரப்படுத்துவதும் கேட்டன.

"ஒண்டுமில்லை பிள்ளை. சும்மா வாயை அசைக்கச் சொன்னவங்கள், அசைச்சனான்."