வலையில் விழுந்த தேசப்படம்

என் வீட்டு அலமாரியில் இருநூற்றுப் பதினான்கு புத்தகங்கள் இருக்கின்றன. நேற்றுக் காலை இருநூற்றுப் பதினைந்து இருந்தன. மீஞ்சூரில் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தினம் இரண்டு வேளை எண்ணுகிறேன். காலை மாத்திரைக்குப் பிறகு ஒருமுறை, மாலைக் காப்பிக்கு முன்னால் ஒருமுறை. குறைந்த ஒன்றைப் பேத்திதான் எடுத்துப் போயிருப்பாள். "எல்லாம் போன்லயே கீது தாத்தா, இத ஏன் கட்டிக்கினு அழுவுற?" என்று கேட்பவளும் அவள்தான், சொல்லாமல் ஒன்றை உருவிக்கொண்டு போகிறவளும் அவள்தான். பஸ்ஸில் விட்டுவிடுவாளோ, ஈரக்கையால் தொடுவாளோ என்று நேற்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஈரத்தைப் பற்றிய இந்தப் பயம் எனக்கு எட்டு வயதில் வந்தது. அப்போது எங்கள் வீட்டில் இருந்த புத்தகங்கள் ஆறு.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல்மேடு. வீடுகள் பதினாறு, கிணறு ஒன்று, பள்ளிக்கூடம் ஒன்று, வாத்தியார் ஒருவர், பிள்ளைகள் இருபத்துமூன்று பேர். ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். உலகத்திலேயே நீளமான ஆறு எது என்று கேட்டு என்னை எழுப்பினார். எனக்குத் தெரிந்த ஆறுகள் இரண்டு. அந்த இரண்டில் நீளமாக எனக்குப் பட்டதைச் சொன்னேன்.

"ஆரணியாறு சார்."

இன்ஸ்பெக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவருடைய மேல்வரிசையில் தங்கப்பல் இரண்டு. "அடுத்த வருஷமும் வருவேன், இதே கேள்வியைத்தான் கேட்பேன்" என்று சொல்லிவிட்டுப் படகேறினார். வாத்தியாருக்கு நண்டு கொடுக்க வந்திருந்த அத்தை ஜன்னலுக்கு வெளியே நின்று அவ்வளவையும் பார்த்துவிட்டாள் என்பதுதான் வினையாகிவிட்டது.

அத்தை என்றால் நைனாவின் அக்கா. எங்களோடுதான் இருந்தாள். கூடையில் மீன் சுமந்து மீஞ்சூர் வரை போய் விற்று வருகிறவள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஊரில் அவளிடம் வாய்கொடுத்து ஜெயித்தவர் எண்ணிக்கை பூஜ்யம்.

"ஏன்டா, கேட்டா சொல்றதுக்கு இந்த ஊட்ல ஒரு நாதி இல்லியா?" என்று நைனாவைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரிஞ்ச ஆறும் அதாங்க்கா" என்றார் நைனா.

அந்த வாரச் சனிக்கிழமை அத்தை என்னையும் மீஞ்சூருக்கு இழுத்துக்கொண்டு போனாள். கடைத்தெருவின் கோடியில் ஒரு பழைய பேப்பர்க் கடை. கடைக்கார பாய் அவளிடம் வாடிக்கையாக மீன் வாங்குகிறவர். அத்தை கூடையை இறக்கி வைத்துவிட்டு, புத்தகக் குவியலுக்கு முன்னால் குந்தினாள். ஒவ்வொன்றாக எடுத்தாள். மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பது போல அட்டையைத் தூக்கிப் பார்த்தாள். முதுகை விரலால் அமுக்கினாள். முகர்ந்தும் பார்த்தாள்.

"பாய், இது கதை சொல்ற பொஸ்தகமா, கேட்டா சொல்ற பொஸ்தகமா?"

"கதைதான் யக்கா. படிச்சா நல்லா தூக்கம் வரும்."

"கதையும் தூக்கமும் எங்க ஊர்லயே கீது. கேட்டா சொல்றத எடு."

பாய் யோசித்து யோசித்து எடுத்துக் கொடுத்தார். ஐந்து சனிக்கிழமைகளில் ஆறு புத்தகங்கள் சேர்ந்தன. முதலில் ஒரு தமிழ் அகராதி. முன்பக்கங்கள் போய், அது 'ஆகாயம்' என்ற சொல்லில்தான் தொடங்கியது. அதனால் அம்மா, அப்பா இரண்டுமே அதில் இல்லை. அப்பாவை நைனா என்றே கூப்பிடுகிற எங்களுக்கு அதில் பாதி நஷ்டம்தான். இரண்டாவது ஓர் ஆங்கில அகராதி. மூன்றாவது கைவைத்தியப் புத்தகம். நான்காவது, காலாவதியாகி மூன்று வருஷமான ரயில் கால அட்டவணை. ஐந்தாவது பட்டணத்து டெலிபோன் டைரக்டரி. இருந்ததிலேயே தடிமன் என்பதால் அத்தை அதை விடமாட்டேன் என்றுவிட்டாள்.

"இது இன்னாத்த சொல்லும்?"

"பட்டணத்துல யார் யார் ஊட்ல போன் கீதுன்னு சொல்லும் யக்கா."

"பரவால்ல, தெரிஞ்சு வெச்சிக்கலாம்."

ஆறாவதுதான் தேசப்படப் புத்தகம். ஒரு கூறு இறாலும் இரண்டு பச்சை நண்டும் கொடுத்து வாங்கியது. அறுபத்துநான்கு தாள்கள். அதில் எங்கள் ஏரி ஓர் அரிசி அளவுக்கு நீலமாக இருந்தது. அதைக் கண்டுபிடித்த அன்று நைனா அந்த அரிசிமேல் கட்டைவிரலை வைத்து, "எடுத்தா ஏரி தெரியுது, வெச்சா காணோம்" என்று வைத்து வைத்து எடுத்தார்.

கள்ளிப்பெட்டி ஒன்றைச் சுவரில் அடித்து ஆறையும் அதில் நிறுத்தினோம். ஊர் வரத் தொடங்கியது. இருமலுக்கு என்ன என்று கேட்க ஒருத்தி, பிரசவ வலிக்கு என்ன என்று கேட்க இன்னொருத்தி. ரயிலில் ஏறியே அறியாத ஒரு கிழவர் தினமும் வந்து டெல்லி ரயில் நேரத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, ஏரியைப் பார்த்து, "இந்நேரம் கூடூர் தாண்டியிருக்கும்" என்பார். கல்யாணம் ஆகாத ஒருவன் டைரக்டரியில் தன் பெயர் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று எண்ணிவந்தான். அவன் விட்டுவிட்ட இரண்டை நான்தான் கண்டுபிடித்துக் கொடுத்தேன்.

ஒருநாள் இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் கைவைத்தியத்தின் அட்டை கிழிந்தது. அதற்கு மருந்து அந்தப் புத்தகத்தில் இல்லை. விஷயம் ஊர்ப் பெரியவரிடம் போயிற்று.

"இதுக்கு இன்னா பேஜாரு? ஏரிக்கு இன்னா முறையோ, பொஸ்தகத்துக்கும் அதே முறை" என்று அவர் முடித்துவிட்டார்.

ஏரிக்கு முறை என்பது பாடு. ஏரி யாருக்கும் சொந்தமில்லை. இன்ன இடத்தில் இன்ன நாள் இன்ன வீடு வலை போடலாம் என்று சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். அதுதான் அந்த வீட்டின் பாடு. அன்று வலையில் வருவது அந்த வீட்டுக்காரனுடையது. முறை மீறியவனுக்கு அடுத்த சுற்றில் பாடு கிடையாது. எங்களைப் போன்ற ஒற்றை வலை வீட்டுக்கு ஒரு சுற்று போனால் அடுத்த மழை வரைக்கும் கஞ்சிதான்.

எங்கள் புத்தகங்களும் பாடு முறைக்குள் போயின. ஒரு வீட்டுக்கு மூன்று நாள். மூன்றாம் இரவு கழிந்து சூரியன் ஏறும்போது கைமாற்ற வேண்டும். மீறினால் அதே தண்டனை. நைனா சரி என்றார். அத்தையும் சரி என்றதுதான் எனக்குத் தாங்கவில்லை. நண்டு எங்களுடையது, இறால் எங்களுடையது, புத்தகம் மட்டும் எப்படி ஊருடையதாகும்?

"ஏன்டா, பொட்டியிலயே நின்னா அது யாருக்குச் சொல்லும்?" என்றாள் அத்தை.

இன்ஸ்பெக்டர் மறுபடி வருகிறார் என்று தகவல் வந்தது. வியாழக்கிழமை. தேசப்படம் எங்கள் வீட்டில் இருந்தது, ஆனால் புதன்கிழமை காலையில் அது பெரியப்பா வீட்டுக்குப் போக வேண்டும். பெரியப்பா மகன் என் வகுப்பு. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், விடை எனக்குத் தெரியும். நைல் நதியை எத்தனையோ தடவை விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். என் கவலை, அது பெரியப்பா மகனுக்கும் தெரிந்துவிடுமே என்பதுதான்.

புதன்கிழமை விடிவதற்கு முன் புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கரைக்குப் போனேன். நைனாவின் வலை அங்கே குவிந்து கிடந்தது. எங்கள் பாடு வெள்ளிக்கிழமை என்று எண்ணி வைத்திருந்தேன். அதுவரை அந்த வலையை யாரும் தொடமாட்டார்கள். வலையின் அடிமடிப்பில் உலகத்தைச் சொருகிவிட்டு வந்து பாயில் படுத்துக்கொண்டேன்.

சூரியன் ஏறியது. பெரியப்பா வாசலில் வந்து நின்றார்.

"எங்கடா பொஸ்தகம்?"

அத்தை கள்ளிப்பெட்டியைப் பார்த்தாள். பானைகளைப் பார்த்தாள். பாயை உதறினாள், அதிலிருந்து நான் உருண்டேன்.

"காணோமே!"

"காணோம்னா? பாடு மீறுறீங்களா? பெரியவரைக் கூப்புடு!"

நான் அழத் தயாரானேன். அழுதபடி வலையைக் காட்டிவிடலாம் என்றுதான் கரைக்கு ஓடினேன். கரையில் வலை இல்லை. படகும் இல்லை. முந்தின நாள் சாயங்காலம், புதன்கிழமைப் பாடு கிடைத்திருந்த வீட்டுக்காரர் காய்ச்சலில் விழுந்து, தன் புதன்கிழமையை நைனாவுக்குக் கொடுத்துவிட்டு எங்கள் வெள்ளிக்கிழமையை எடுத்துக்கொண்டாராம். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. என் எண்ணிக்கை சரி, ஆனால் ஏரி மாறிப்போயிருந்தது.

ஊர் முழுக்கக் கரையில் கூடிவிட்டது. நைனாவும் அவரோடு வலை இழுக்கிற மாமாவும் போன படகு திரும்பி வந்துகொண்டிருந்தது. மாமா படகின் முன்முனையில், அணியத்தில் ஏறி நின்று இரண்டு கையையும் ஆட்டினார்.

"யோவ்! உலகம் மாட்டிக்கிச்சு! வலையில உலகம் மாட்டிக்கிச்சு!"

நைனா கழுத்துவரை நனைந்திருந்தார். தண்ணீர் சொட்டும் தேசப்படத்தை இரண்டு கையாலும் ஏந்தி வந்து மணலில் வைத்தார். நான் அத்தையின் சேலைக் கொசுவத்துக்குள் ஒளிந்திருந்தேன்.

"இது எப்புட்றா ஏரிக்குப் போச்சு?" என்றார் பெரியவர்.

"தெரியல பெரியவரே. வலைய இழுத்தோம், வந்துச்சு" என்றார் நைனா.

"எலி இழுத்துக்கினு போயிருக்கும்" என்றார் மாமா.

"எம்மாம் பெரிய எலி!" என்று யாரோ ஒருத்தி சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள்.

பெரியவர் நைனாவைப் பார்த்தார். பிறகு அத்தையின் கொசுவத்தைப் பார்த்தார். பிறகு ஏரியைப் பார்த்தார். கடைசியாகப் பார்த்ததுதான் அதிக நேரம்.

"அப்ப பாடு மீறலியா?" என்றார் பெரியப்பா விடாமல்.

"ஏரி குடுத்தத மீறல்னு எப்புட்றா சொல்றது? அவன் பாடு நாள்ல அவன் வலையில வந்தது அவனுது." பெரியவர் நைனாவின் பக்கம் திரும்பினார். "இன்னா செய்யப்போற?"

"கூறு போடுவோம்" என்றார் நைனா.

அங்கேயே மணலில் துணி விரித்து, தையலைப் பிரித்து, தாள்களைக் கூறு போட்டார்கள். பதினாறு வீடு, வீட்டுக்கு நாலு தாள், மிச்சம் இல்லை. எந்தக் கூறு யாருக்கு என்று சீட்டுக் குலுக்கினார்கள். எங்களுக்கு இரண்டு சமுத்திரமும் ஒரு பனிக்கண்டமும் பொருளடக்கமும் வந்தன. ஆப்பிரிக்கா பெரியப்பா வீட்டுக்குப் போயிற்று. துக்கத்திலும் நான் எண்ணத் தவறவில்லை. நனைந்த தாள்கள் பதினொன்று. அவற்றிலும் ஓரத்தில் ஒரு சாண் அளவுக்குத்தான் ஈரம் பிடித்திருந்தது. அந்தப் பதினொன்றையும் அவரவர் வாசல் கருவாட்டுக் கயிற்றில், வாளை மீனுக்கு நடுவே காயப்போட்டார்கள்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். தங்கப்பல் மூன்றாகியிருந்தது. நேராக என்னை எழுப்பினார்.

"உலகத்திலேயே நீளமான ஆறு எது?"

முந்தின நாளின் பயத்தில் பெயர் வாய்க்கு வரவில்லை. இடம் மட்டும் நன்றாக நினைவிருந்தது.

"பெரியப்பா ஊட்டு வாசல்ல காயுது சார்."

அவர் சிரிக்க வாயைத் திறந்து, வாத்தியாரின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். பிறகு பார்த்தே தீர வேண்டும் என்று எழுந்தார். இருபத்துமூன்று பேரும் பின்னால் ஓடினோம். பெரியப்பா வீட்டு வாசலில் அத்தை குச்சியோடு நின்று கத்திக்கொண்டிருந்தாள்.

"டேய், ஆப்பிரிக்கா மேல காக்கா குந்திக்கினு கீது, வெரட்டுடா!"

பெரியப்பா மகன்தான் காக்கையை விரட்டினான். பிறகு நான் சொல்வதற்கு முன்பே, கயிற்றில் ஆடிக்கொண்டிருந்த தாளில் ஆற்றைத் தொட்டு, கடலிலிருந்து மேலே மேலே விரலை ஓட்டி, "நைல் சார்" என்றான். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் பக்கத்து வாசலில் ஐரோப்பாவை வைத்திருந்த கிழவியும், அதற்கு அடுத்த வாசலில் இந்தியாவை வைத்திருந்தவளும், "எங்க ஊட்லயும் ஆறு கீது சார், வந்து பாருங்க" என்று இன்ஸ்பெக்டரை ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் எல்லோரும் சிரித்துவிட்டோம்.

"நல்ல புத்தகத்தை இப்படிக் கிழித்துவிட்டீர்களே?" என்றார் அவர்.

"கிழிக்கல சார். கூறு போட்டோம்" என்றாள் அத்தை.

அவர் பதினாறு வீட்டுக்கும் போனார். எங்கள் வீட்டில் சமுத்திரங்களைப் பார்த்துவிட்டு, மீதி ஐந்து புத்தகங்களையும் எடுத்துப் புரட்டிவிட்டு, அத்தை கொடுத்த இறால் குழம்பில் இரண்டு முறை சோறு வாங்கினார். அதன் பிறகு வெகுகாலம் எங்கள் ஊரில் உலகம் சுவர்களில் இருந்தது. ஆஸ்திரேலியாவுக்கு வழி கேட்டால், கிணற்றைத் தாண்டி மூன்றாவது வீடு என்பார்கள்.

வலைமேல் விரலை ஓட்டியே அறுந்த ஒற்றைக் கண்ணைக் கண்டுபிடித்துவிடுகிறவர் நைனா. படகில் ஏற்றும்போது அடிமடிப்பில் ஒரு தடிப்புத்தகம் இருந்தது அவர் கைக்குத் தெரியாமல் போயிருக்காது. ஏரிக்குள் வலையோடு இறங்கிக் கிடந்திருந்தால், அந்தப் புத்தகம் கூழாகத்தான் திரும்பியிருக்கும். இதெல்லாம் அவர் போய்ப் பல வருஷம் கழித்து, இதே அலமாரியின் முன்னால் நின்று எண்ணிக்கொண்டிருந்த ஒரு மாலையில்தான் எனக்கு உறைத்தது. அவர் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. மாமாவும் கடைசிவரை எலி என்றே சொன்னார்.

எட்டு வயதில் நனைந்தவை பதினொன்று என்று எண்ணத் தெரிந்தது. மீதி ஐம்பத்துமூன்று ஏன் நனையவில்லை என்று கேட்கத் தெரியவில்லை.