எங்கள் கடைக்குள் போன தெரு

நாலாக மடித்த நோட்டுத் தாள் ஒன்று என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. திருவனந்தபுரத்தில் சாலை என்றால் கடைவீதி; அதன் படம் அந்தத் தாளில் இருக்கிறது. தெருக்கள் கோடுகள், அவை கூடும் இடங்கள் புள்ளிகள். கோணல்மாணலான கோடுகள் என்னுடையவை. சின்னச் சின்ன அம்புக்குறிகளும், அடியில் ‘தொடங்கிய இடத்திலேயே முடியும்’ என்ற வரியும் அவளுடையவை. மடிப்பெல்லாம் கிழிந்துவிட்டது. ஒட்டித் தருகிறேன் என்று மருமகள் பசையோடு வந்தாள், நான் தொடவிடவில்லை.

மொழிவாரியாக மாநிலங்களைப் பிரிப்பதற்கு முன், நாகர்கோவில் எங்கள் ராஜ்யத்தில் இருந்த கடைசி வருஷம் அது. கல்லூரியில் புதுக் கணிதம் என்று ஒரு தொடக்க வகுப்பு ஆரம்பித்தார்கள். மழை வரும் வாய்ப்புக்கு எண் கொடுப்பது, குடை கொண்டுவந்தவர்களையும் செருப்புப் போட்டவர்களையும் இரண்டு வட்டங்களுக்குள் அடைப்பது என்று வகுப்பு கலகலப்பாக ஓடியது. எங்கள் சார் மலையாளி. தமிழ்ப் பிள்ளைகளுக்காக ஒரு தமிழ் பேசுவார். “கணக்கு போர்டில மாத்திரம் அல்ல, வெளியில உண்டு. போய் நோக்கு” என்பார். ஒருநாள் தபால்காரர் கணக்கு வந்தது. எந்தத் தெருவையும் இரண்டாம் தடவை மிதிக்காமல் எல்லாத் தெருக்களையும் சுற்றி வர முடியுமா? இரண்டிரண்டு பேராகச் செய்யச் சொன்னார். எனக்கு வாய்த்தவள் முன்பெஞ்சுக்காரி. நாகர்கோவில் பெண், விடுதியில் தங்கிப் படித்தாள்.

அந்தக் காலத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்து தெருவில் நடக்கவா முடியும்? சாலையில் எங்களுக்கு ஒரு கடை உண்டு; பழகிய தெருக்களை நான் படம் வரைந்தேன், அவள் கணக்குப் போட்டாள். ஒவ்வொரு புள்ளியிலும் எத்தனை தெரு கூடுகிறது என்று விரல் வைத்து எண்ணினாள். எல்லாம் இரட்டைப்படை, அப்படியென்றால் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடலாம் என்று கண்டதும் அந்த முகத்தில் வந்த சிரிப்பு இருக்கிறதே! எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. வேறு எப்படிச் சொல்ல? பரீட்சை நெருங்கியபோது அவளே சொன்னாள்: “பரீட்சை முடிஞ்ச மறுநாள் அப்பா கூட்டிட்டுப் போக வாறாங்க. சாலையில பாத்திரம் வாங்கிட்டுத்தான் பஸ் ஏறுவோம். நீங்க பத்து மணிக்கு உங்க கடை வாசல்ல தொடங்கி நடங்க. கணக்கு சரின்னா சுத்திட்டு அங்கதான் வந்து நிக்கணும், பாத்துக்கிடுங்க. நானும் அங்க நிப்பேன்.” அவள் அப்பாவுக்கு வணக்கம் சொல்லி, வீட்டு விலாசம் கேட்டுவிட வேண்டும், பெண் கேட்க அம்மாவை அனுப்ப வேண்டும். இதுதான் என் திட்டம்.

சொன்னபடி பத்து மணிக்குத் தொடங்கினேன். அம்புக்குறி தவறாமல் நடந்து, கடைசிக் கோட்டுக்கு வந்தேன். அந்தக் கோடு எங்கள் மளிகைக் கடை! கடைக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். மூட்டைகளுக்கு நடுவே புகுந்து போவது சாலையில் எல்லாருக்கும் பழக்கம். பிறந்ததிலிருந்து அதைத் தெருவாகவே நடந்தவன், தெருவாகவே வரைந்துவிட்டேன். அவளிடம் சொல்லவும் தோன்றவில்லை. இப்போது பின்கதவு பூட்டிக் கிடந்தது. பக்கத்துத் தெருவில் ஒரு அரிசி வியாபாரி இறந்துபோயிருந்தார். சவம் போகிறவரை கடைகளை அடைப்பது எங்கள் ஊர் மரியாதை. நான் சுற்றி வருவதற்குள் அப்பா அடைத்துவிட்டுத் துஷ்டி வீட்டுக்குப் போயிருந்தார்.

உள்ளே முப்பது அடி தாண்டினால் முன்வாசலில் அவள். சுற்றிக்கொண்டு போனால் ஒரு தெருவை மறுபடி மிதிக்க வேண்டும், அவள் கணக்கு கெட்டுவிடும். அட முட்டாளே, கணக்கா முக்கியம்? ஆனால் நான் கதவைத் தட்டிக்கொண்டே நின்றேன். பிறகுதான் புத்தி வந்து ஓடினேன். முனையில் ஊர்வலம். பெரியப்பா கையைப் பிடித்து இழுத்தார். “எங்கல ஓடுத? பெரிய மனுசன் போறாரு, நில்லு.” கைகட்டி நின்றேன். கண் நிறைந்துவிட்டது. இறந்தவருக்காக அழுகிறேன் என்று நினைத்து அவர் என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

முன்வாசலுக்குப் போனபோது படியில் ஒரு சுமைதூக்குபவர் மட்டும் இருந்தார். “ஒரு பெண்குட்டியும் அச்சனும் குறே நேரம் நின்னாங்க. பஸ்ஸுக்கு நேரமாயின்னு ஜட்காவில போயி” என்றார். குறே நேரம் என்றால் மலையாளத்தில் வெகு நேரம். தம்பானூர் பஸ் நிலையத்துக்கு ஓடினேன். பஸ் போய்விட்டிருந்தது.

கல்லூரியில் கேட்டு விலாசம் வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. கதவு பூட்டியிருந்தது என்று எழுத வெட்கம். வெட்கப்பட்டுக்கொண்டிருந்த அந்தச் சில மாதங்களில் நாகர்கோவில் வேறு ராஜ்யத்துக்குப் போயிற்று, அவள் வேறு வீட்டுக்குப் போனாள். நான் ஏமாற்றிவிட்டதாக நினைத்திருப்பாள். அல்லது தன் கணக்குத் தவறு என்று நினைத்திருப்பாள். இரண்டாவதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் கணக்கில் ஒரு பிழையும் கிடையாது.

கடையை விற்று வெகுகாலம் ஆகிறது. வாங்கியவர்கள் இடித்துக் கட்டினார்கள்; நடுவில் இப்போது நிஜமாகவே ஒரு சந்து இருக்கிறது. போன மாதம் தாளை எடுத்துக்கொண்டு போனேன். மூட்டுவலியோடு எல்லாத் தெருக்களையும் ஒவ்வொரு தடவை நடந்து, சந்துக்குள் நுழைந்து முன்பக்கம் வந்தேன். தொடங்கிய இடத்திலேயே முடிந்தது. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அங்கேயே குறே நேரம் நின்றேன். அவளும் அவ்வளவு நேரம்தான் நின்றிருப்பாள்.