உள் அறையில் இரண்டு மணி நேரம்

அந்தக் குழந்தை எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு ஆறு வயது. தொண்ணூறுகளின் கடைசி. நான் பூனாவில், கேம்ப் பகுதியில் ஒரு வங்கியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கணவருக்கு ராணுவக் கணக்கு அலுவலகத்தில் உத்தியோகம். மகன் சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். வானவடியில் இரண்டு படுக்கையறை உள்ள வீடு, அதில் ஒன்று சும்மா கிடந்தது. என்னைப் பெரிய மனசுக்காரி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். அறை காலியாக இருந்தது, கேட்டார்கள், சரி என்றேன். அவ்வளவுதான்.

கேட்டவர், வங்கியில் என் பக்கத்து கவுன்டரில் இருந்த மராத்திப் பெண்ணின் அக்கா. பெற்றோருடன் இருக்க முடியாத குழந்தைகளைச் சில மாதங்களுக்கு வேறு குடும்பங்களில் வைத்து வளர்க்க ஏற்பாடு செய்யும் ஓர் இல்லத்தில் அவர் சமூகப் பணியாளர். எல்லோரும் அவரைத் தாயி என்றுதான் கூப்பிடுவார்கள். மராத்தியில் தாயி என்றால் அக்கா. குழந்தையின் அப்பா தர்மபுரிப் பக்கத்துக்காரர், பூனாவுக்கு வெளியே ரஞ்சன்காவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தவர். வேலைக்குப் போகும் வழியில் நகர் ரோட்டில் விபத்தில் இறந்துபோனார். அதற்குப் பிறகு அம்மா சமைப்பதை விட்டாள், குளிப்பதை விட்டாள், பிறகு சுவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். குழந்தை பக்கத்து வீடுகளில் போய்ச் சாப்பாடு கேட்டபோதுதான் விஷயம் வெளியே தெரிந்தது. அம்மாவை மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். குழந்தைக்குத் தமிழ் தவிர வேறு எதுவும் தெரியாததால் தமிழ் வீடாகத் தேடினார் தாயி.

அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். குழந்தை என்னை அம்மா என்று கூப்பிடக் கூடாது. அவளுக்கு அம்மா இருக்கிறாள். ஆகவே நான் பெரியம்மா ஆனேன்.

அந்த நாட்களில் நாங்கள் ஆறு தமிழ்ப் பெண்கள் சனிக்கிழமை சாயங்காலங்களில் யாராவது ஒருத்தி வீட்டில் கூடுவோம். ஸ்லோகம் சொல்லுவோம், பிறகு அதைவிட அக்கறையாக டிபன் சாப்பிடுவோம். குழந்தை வந்த இரண்டாவது வாரமே அந்தக் கூட்டம் தானாக வேறு மாதிரி ஆகிவிட்டது. பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவள் குழந்தையைத் தன் பள்ளியிலேயே சேர்த்து, கூட்டிப் போய்க் கூட்டி வந்தாள். மற்றவர்கள் முறை வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனோம், சில நாள் குழந்தையையும் கூட்டிக்கொண்டு. அங்கே கொடுத்த சப்பாத்தியும் பருப்பும் அந்த அம்மாவுக்கு இறங்கவில்லை. ரசம் சாதம் கொண்டு போனால் இரண்டு வாய் சாப்பிட்டாள். யாராவது பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் வெண்டைக்காய் விலையைப் பற்றிப் பேசினால்கூடப் போதும், முகம் கொஞ்சம் இளகும். இப்படியே போய்க்கொண்டிருங்கள், மாத்திரை தன் வேலையைச் செய்யும், நீங்கள் உங்கள் வேலையைச் செய்யுங்கள் என்றார் டாக்டர். எட்டாவது மாதம் அவளாகவே சீப்பு கேட்டு வாங்கித் தலை வாரிக்கொண்டாள்.

எங்கள் கூட்டத்தில் அன்றைக்கு எல்லோருக்கும் ஒரே சந்தோஷம், என்னைத் தவிர. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அதற்குள் குழந்தை எங்கள் வீட்டில் நன்றாக ஒட்டிக்கொண்டிருந்தாள். நான் வங்கிக்குக் கிளம்பக் கூடாது என்று என் செருப்பை ஒளித்து வைப்பாள். என் கணவரோடு சதுரங்கம் ஆடித் தோற்றால் குதிரைகளைக் கவிழ்த்துவிட்டு எழுந்து போவாள். அம்மாவுக்குக் குணமாகி வருகிறது என்று டாக்டர் சொல்லும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றினேன். எனக்கு அந்தக் குழந்தை வேண்டும். வேறு விதமாக இதைச் சொல்லத் தெரியவில்லை.

தை மாதம். அம்மாவை ஒரு நாள் வெளியே அனுப்பிப் பார்க்கலாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உங்கள் வீட்டில் குழந்தையோடு இருக்கட்டும் என்றார் தாயி. நன்றாகப் போனால் குழந்தைகள் நல போர்டு அவளுக்கே குழந்தையைத் திருப்பிக் கொடுக்கும். நானும் தலையாட்டினேன். பிறகுதான் அதே ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஹல்தி குங்கும் வைத்திருந்தது ஞாபகம் வந்தது. சங்கராந்தி முடிந்து சில வாரங்களுக்கு மராத்திப் பெண்கள் சுமங்கலிகளை வீட்டுக்கு அழைத்து, மஞ்சள் குங்குமம் இட்டு, எள்ளுருண்டையும் ஏதாவது ஒரு பாத்திரமும் கொடுப்பார்கள். பூனாவுக்கு வந்த தமிழ்க் குடும்பங்களும் இதைப் பிடித்துக்கொண்டோம். நானோ இரண்டு ஊர் சாஸ்திரத்தையும் சேர்த்துப் பார்க்கிறவள். முப்பது பேரை அழைத்தாயிற்று. எதையும் மாற்றவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தாயி குழந்தையின் அம்மாவைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். நீலச் சேலை, எண்ணெய் வைத்து வாரிய தலை. குழந்தை ஓடிப் போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அழைத்த பெண்கள் படியேறி வரும் சத்தம் கேட்டது. நான் அவளிடம் ரொம்ப இனிமையாகச் சொன்னேன்:

"நீ உள்ளே போய்ப் படுத்துக்கம்மா. கூட்டமா இருக்கும், உனக்குத் தலை வலிக்கும்."

அவளுக்குப் புரிந்தது. கணவனை இழந்தவளுக்கு இதைப் புரியவைக்க யாரும் பெரிதாகப் பேச வேண்டியதில்லை. எழுந்து உள் அறைக்குப் போனாள். குழந்தைக்குப் பட்டுப் பாவாடை கட்டி, எள்ளுருண்டைத் தட்டைக் கையில் கொடுத்து, ஹாலில் நிறுத்தினேன். அவள் நடுவில் நடுவில் உள்ளே ஓடப் பார்த்தாள். அதனால் அறைக் கதவைச் சாத்தினேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று. வந்தவர்கள் எல்லோரும் குழந்தை எவ்வளவு அழகு, அப்படியே உங்கள் ஜாடை என்றார்கள். நான் மறுக்கவில்லை.

அன்று சாயங்காலம் தாயி வந்து அவளை மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அடுத்த நான்கு நாட்கள் மாத்திரையும் சாப்பாடும் வேண்டாம் என்றுவிட்டாள். வீட்டில் என்ன நடந்தது என்று தாயி கேட்டபோது, ஒன்றும் நடக்கவில்லை, அமைதியாகத்தான் இருந்தாள் என்று சொன்னேன். அதையே படிவத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். நோய் திரும்பியிருக்கிறது என்று மருத்துவமனையில் குறித்துக்கொண்டார்கள். போர்டு முடிவைத் தள்ளிவைத்தது.

குழந்தை என்னிடமே இருந்தாள். நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன், ஆனால் மருத்துவமனைக்கு என் முறை வரும்போதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லி வேறு யாரையாவது அனுப்பினேன். இரண்டு மாதம் இப்படி ஓட்டினேன். பிறகு ஒரு புதன்கிழமை மற்ற எல்லோருக்கும் பரீட்சை, காய்ச்சல், ஊர்ப் பயணம். தப்பிக்க வழியில்லாமல் நானே டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அவள் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். நான் டப்பாவைத் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

"அக்கா, பாப்பாவ இனிமே இங்க கூட்டிகினு வராதீங்க. நல்ல நாளு பெரிய நாளுல நான் எதிர்ல வந்தா அதுக்கு ஆகாது. டாக்டருகிட்டயும் சொல்லிட்டேன், பாப்பா உங்க வூட்டுலயே இருக்கட்டும்னு."

பெற்ற குழந்தையையே வேண்டாம் என்கிறாள், இது நோயின் அறிகுறி என்று டாக்டர் எழுதியிருந்தார். பாவம், என் வீட்டில் நடந்தது அவருக்கு எப்படித் தெரியும். எனக்குத் தெரியும். அது நோயில்லை. என் வீட்டில், என் வாயால், எள்ளுருண்டை வாசனைக்கு நடுவே நான் அவளுக்குச் சொல்லி அனுப்பிய பாடம் அது. நான் ஆசைப்பட்டது அத்தனையும் அவளே என் கையில் கொடுக்கிறாள். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கலாம்.

கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லி, என்ன செய்யட்டும் என்று கேட்டேன். அவர் செய்தித்தாளை மடித்தார். "பண்ணினது தப்புன்னு உனக்கே தெரியுது. என்னை எதுக்குக் கேக்கறே?" என்றார். இருபது வருஷத் தாம்பத்தியத்தில் அவர் மேல் வந்த கோபங்களில் அது முக்கியமானது. மறுநாள் காலை தாயிக்கு போன் செய்தேன்.

போர்டில் மூன்று பேர். எனக்குத் தெரிந்த வங்கி ஹிந்தியில் நடந்ததைச் சொன்னேன், நான் எழுதிக் கொடுத்தது பொய் என்பதையும் சேர்த்து. என் குரல் கவுன்டரில் பாஸ்புக் கேட்பது போலவே இருந்தது. இருவர் குறிப்பெடுத்தார்கள். நடுவில் இருந்த வயதான அம்மாள் எதுவும் எழுதவில்லை. அவர் ஒரு கேள்விதான் கேட்டார்: அந்த இரண்டு மணி நேரம் குழந்தை எங்கே இருந்தாள்? ஹாலில், எள்ளுருண்டைத் தட்டோடு, என்றேன். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். சரி, நீங்கள் போகலாம் என்றார். வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதேன். குற்ற உணர்ச்சியில் பாதி, குழந்தை போய்விடுவாள் என்பதில் பாதி.

அதற்குப் பிறகு எல்லாம் முறையாக நடந்தது. டாக்டர் மறுபடி அந்த அம்மாவிடம் பேசினார். எங்கள் கூட்டத்தில் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை, ஆனால் இரண்டு பேர் அந்த வருஷம் முழுக்க என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. ஆசிரியை தன் வீட்டுக்கு அடுத்த தெருவில் ஓர் அறை பார்த்துக் கொடுத்தாள். இன்னொருத்தி பள்ளிச் சமையலறையில் வேலைக்குச் சொல்லி வைத்தாள். ஜூனில் பள்ளி திறக்கும் முன் குழந்தையை அம்மாவிடம் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

அவள் வந்து ஹாலில் உட்கார்ந்தாள். குழந்தை உள்ளே தன் துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள். இதைவிட்டால் வேறு நேரம் கிடைக்காது என்று அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்கு உன்னை உள்ளே அனுப்பியிருக்கக் கூடாது, கதவைச் சாத்தியிருக்கவே கூடாது என்றேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"கதவு சும்மாதாங்க்கா சாத்தியிருந்துச்சு. நீங்க அந்தாண்ட போனப்புறம் பாப்பா வந்து அம்மா அம்மான்னு தட்டுச்சு. நான்தான் உள்ளாற தாப்பா போட்டுக்கினேன்."

குழந்தை பையைத் தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டு வந்தாள். அவள் எழுந்து பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டாள், குழந்தை மற்றொன்றைப் பிடித்துக்கொண்டாள். நான் அவர்களுக்கு வாசல் கதவைத் திறந்துவிட்டேன்.